அஸ்கிரியவில் நானும் இருந்தேன்: டிக்கோயாப் பாடபேதங்கள் குறித்து ஓர் ஆராய்ச்சி

2007 டிசம்பர் 3 ஒரு திங்கட்கிழமை. ஆராய்ச்சியாளனுக்கு இதைவிட வசதியான கிழமை அமைவது அரிது. ஞாயிறாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. மலையகத்து டிக்கோயா சனம் முழுவதும் கண்டிக்குப் போயிருந்தது என்று ஒரே வரியில் எழுதி வைத்துவிட்டு எழுந்து போயிருப்பேன். திங்கள் என்பதால் சிக்கல் பிறந்தது. சிக்கல் பிறந்த வீட்டில் ஆய்வும் பிறந்தாக வேண்டும்.

அன்று காலை கண்டி அஸ்கிரிய மைதானத்தில் இங்கிலாந்தின் போல் கொலிங்வூட்டின் விக்கெட்டை முத்தையா முரளிதரன் சாய்த்தார். அது அவருடைய 709ஆவது டெஸ்ட் விக்கெட். 708 எடுத்து ஓய்வு பெற்றிருந்த ஷேன் வோர்னை அவர் முந்திய கணம் அது. பட்டாசு வெடித்தது. இவ்வளவும் உலகறிந்த செய்தி. உலகறியாத செய்தி ஒன்று உண்டு: அந்தப் பந்து வீசப்பட்ட நேரத்தில் டிக்கோயாவில் யாரும் இல்லை.

இதை நான் சொல்லவில்லை, டிக்கோயா சொல்கிறது. டவுனின் ஒரு முனையில் தொடங்கி மறுமுனைக்கு நடந்து பாருங்கள். டவுன் அப்படியொன்றும் நீளமானதும் இல்லை. சலூனில் முகத்தில் பாதிச் சோப்புடன் இருப்பவர், மரக்கறிக் கடைக்காரர், முச்சக்கர வண்டிக்காரர், அந்த வண்டியில் ஏறக் காத்திருப்பவர், எல்லாரும் அன்று அஸ்கிரியவில் இருந்தவர்கள். "நான் அங்கதான் தம்பி இருந்தேன்" என்பது இங்கே ஏறக்குறைய ஒரு முகமன். வணக்கத்துக்குப் பதில் வணக்கம் போல, அதற்கும் "நானுந்தான்" என்று பதில் உண்டு.

கணக்கைப் பார்ப்போம். அஸ்கிரிய மைதானம் கொள்வது பத்தாயிரம் சொச்சம் பேரை. அதில் இங்கிலாந்திலிருந்து விமானம் ஏறி வந்த பார்மி ஆர்மி என்ற ஆதரவாளர் படைக்கு ஒரு பங்கு. கண்டிக்காரர்களுக்கும் கொழும்பிலிருந்து வந்தவர்களுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் பாண்ட் வாத்தியக்காரர்களுக்கும் மற்றப் பங்கு. மீதியுள்ள இடத்தில் டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா ஆகிய ஊர்கள் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தன என்றால், கண்டியின் அந்த மலை இன்னும் சரியாமல் நிற்பது நிலவியல் துறை தனியே ஆராய வேண்டிய விஷயம்.

அப்படியானால் அன்று கொழுந்து பறித்தது யார்?

தோட்டத்தில் நாள் என்பது வெறும் நாளன்று, அது 'பேர்'. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் நின்று, மலைக்குப் போய், சொன்ன கிலோவைப் பறித்துக் கொடுத்தால் ஒரு பேர். குறைந்தால் அரைப்பேர். செக்ரோல் என்ற வரவுப் பதிவேட்டில் பேர் விழாவிட்டால் அந்த நாள் வரலாற்றில் இல்லை. அன்றெல்லாம் மாதத்தில் முக்கால்வாசி நாட்கள் வேலைக்கு வந்தால்தான் வரவுக்கான கொடுப்பனவும் கைக்கு வந்தது. ஆகவே திங்கட்கிழமை கண்டிக்குப் போவது, பஸ் காசும் நுழைவுச்சீட்டுக் காசும் மட்டும் சம்பந்தப்பட்ட காரியம் இல்லை. டிக்கோயாவிலிருந்து ஹட்டன், அங்கிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை, பேராதனை என்று வளைந்து வளைந்து இறங்கி, கண்டி டவுனில் குதித்து, அஸ்கிரியவுக்கு மறுபடி மலையேற வேண்டும். மலையில் பிறந்தவன் மேட்ச் பார்க்கவும் மலையேற வேண்டும் என்பது விதி போலும். பிரட்டுக்கு ஆள் சேருமுன்னே வீட்டை விட்டுக் கிளம்பினால்தான் முதல் பந்துக்குப் போய்ச் சேரலாம்.

ஆக ஒரே ஆளுக்கு இரண்டு சான்றுகள். செக்ரோல் அவர் மலையில் நின்றார் என்கிறது. அவர் வாய் அஸ்கிரியவில் இருந்தார் என்கிறது. முதலாவது எழுத்து ஆவணம், இரண்டாவது வாய்மொழி. மேலோட்டமான ஆய்வாளன் எழுத்தை நம்பிவிடுவான். தோட்டத்தில் வளர்ந்தவன் அப்படிச் சட்டென்று நம்ப மாட்டான். செக்ரோலில் என்னென்ன விழும், என்னென்ன விழாமல் போகும் என்று அவனுக்குத் தெரியும்.

இந்த இடத்தில் இவ்வாய்வு மேற்கொண்ட முறையைச் சொல்லிவிட வேண்டும். ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த உ.வே. சாமிநாதையரை மனத்தில் நிறுத்தி, நான் தோட்டத்து வரிசை வீடுகளில் லயம் லயமாக அலைந்தேன். அவருக்குக் கிடைத்தவை செல்லரித்த சுவடிகள். எனக்குக் கிடைத்தவை வெற்றிலை போடும் சுவடிகள், சில சமயம் 'ஒரு கால் போத்தல் எடுத்தா ஞாபகம் வரும்' என்று நிபந்தனை விதிக்கும் சுவடிகள். ஒரே மூலத்துக்கு எத்தனை பிரதிகள் இருந்தாலும் ஒன்றையொன்று ஒப்பிட்டு, எது மூலபாடம், எது பாடபேதம், எது இடைச்செருகல் என்று பிரிப்பதுதான் பதிப்பாசிரியன் வேலை. அதையே செய்தேன்.

கொலிங்வூட் விக்கெட்டுக்கு இதுவரை கிடைத்த பாடங்களைப் பார்த்தால், பந்து 'தூஸ்ரா' என்று ஒரு பாடம், சாதாரண ஓஃப் ஸ்பின் என்று இன்னொரு பாடம். நடுக்குச்சி என்றும் ஓஃப் குச்சி என்றும் பேதம். ஒரு பிரதியில் மூன்று குச்சிகளும் எகிறுகின்றன. அதை இடைச்செருகல் எனத் தள்ளலாம். எல்லாப் பிரதிகளிலும் கடவுள் வாழ்த்துப் போல முதலில் வருவது பர்சி அபேசேகர. தேசியக் கொடியோடு மைதானம் மைதானமாகப் போய் இலங்கை அணிக்கு உற்சாகக் குரல் கொடுத்து, 2023இல் காலமான அந்தப் பெரியவர், என் தகவலாளர்கள் ஒவ்வொருவருக்கும் சரியாகப் பக்கத்து இருக்கையில் இருந்திருக்கிறார். சிலருக்கு இடப்பக்கம், சிலருக்கு வலப்பக்கம். ஒளிநாடாவைப் போட்டுப் பார்த்தால் பாடபேதம் தீர்ந்துவிடுமே என்று என் மருமகன் சொன்னான். தீர்ந்துவிடும்தான். பாடபேதம் தீர்ந்த பிறகு பதிப்பாசிரியனுக்கு என்ன வேலை என்பதை அவன் யோசிக்கவில்லை.

பாடபேதங்களுக்கு இடையிலும் பேதமில்லாமல் வருகிற ஒரு சொல் உண்டு. இந்த ஆய்வின் கண்டுபிடிப்பு என்று ஏதாவது இருந்தால் அது இந்தச் சொல்தான்: 'உட்கார்ந்து'. "நல்லா காலை நீட்டி உட்காந்து பாத்தேன்." "நிழல்ல உட்காந்திருந்தோம்." "புல்லுல உட்காந்தோம், யாரும் எழும்புன்னு சொல்லல." பந்து எப்படித் திரும்பியது என்பதில் ஆளுக்கொரு கருத்து, தான் உட்கார்ந்திருந்ததில் எவருக்கும் ஐயமில்லை.

இதன் பொருள் புரிய அஸ்கிரியவை விட்டுவிட்டு நம்மூர் தரவளைக்கு வர வேண்டும். டிக்கோயா மஸ்கெலியா கிரிக்கெட் கழகத்தின் மைதானம் அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறது. தோட்டத் துரைமார் கிரிக்கெட் ஆடினார்கள், ரக்பி ஆடினார்கள், ரதெல்லயிலிருந்து திம்புள்ளைத் துரைமார் வந்து மோதினார்கள், ரக்பிக்கான க்ளிஃபர்ட் கிண்ணப் போட்டிகளிலும் இந்தக் கழகம் ஆடியது. அஸ்கிரியவில் முதல் டெஸ்ட் நடப்பதற்கு எவ்வளவோ காலம் முன்பே நம் வாசலில் ஒரு மைதானம் இருந்திருக்கிறது. அப்படியிருந்தும் "தரவளையில் மேட்ச் பார்த்தேன்" என்று சொல்ல டிக்கோயாவில் ஆள் கிடைக்கவில்லை. இது எனக்கு முதலில் பெரிய குழப்பம்.

கடைசியில் மேல்பிரிவு லயத்துப் பெரியவர் ஒருவர் விளக்கினார். சின்ன வயதில் தம் கூட்டாளிகளோடு மைதானத்து ஓரத்தில் நிற்பாராம். தேயிலைக்குள் போகும் பந்தைத் தேடிக் கொடுக்க வேண்டும். கிரிக்கெட் பந்து விழுந்த இடத்தில் கிடக்கும். ரக்பியின் முட்டைப் பந்து தேயிலைக்குள் விழுந்தால் எந்தப் பக்கம் துள்ளும் என்று அந்த முருகனுக்கே தெரியாது என்றார்.

"அப்ப நீங்க நெறைய மேட்ச் பாத்திருக்கீங்க மாமா!"

"மேட்ச் எங்க பாத்தேன்? பந்துதான் பாத்தேன்."

என் கையிலிருந்த கொப்பியை அங்கேயே மூடிவிட்டேன். தரவளையில் அவர் இருந்தார், ஆனால் பார்வையாளர் இல்லை. அஸ்கிரியவில் அவர் இல்லை, ஆனால் பார்வையாளர். பிரட்டுக்களத்தில் நின்று, மலையில் நின்று, கொழுந்து நிறுக்கும் வரிசையில் நின்று, துரை வந்தால் இன்னும் நிமிர்ந்து நின்று பழகிய ஒரு சனத்துக்கு, காசு கொடுத்து வாங்கிய சீட்டோடு ஒரு மைதானத்தில் பகல் முழுக்க உட்கார்ந்திருப்பது என்பது முரளியின் 709ஐ விடச் சின்னச் சாதனையன்று. அதை நடந்ததாக நினைத்துக்கொள்வதில் யாருக்கு என்ன நட்டம்?

முரளி என்ற பெயரும் இதில் வேலை செய்கிறது. அவருடைய பாட்டனார் 1920இல் தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். பின்னர் திருச்சிராப்பள்ளிக்கே திரும்பிவிட்டார். பிள்ளைகள் இங்கே தங்கினார்கள். முரளியின் தகப்பனார் கண்டியில் பிஸ்கட் தொழில் நடத்தினார். பாட்டனார் எந்தத் தோட்டத்துக்கு வந்தார் என்பதில் மட்டும் எனக்குக் கிடைத்த பாடபேதங்கள் நாட்டில் உள்ள தோட்டங்களின் எண்ணிக்கைக்குச் சமம். எங்கள் தோட்டமும் அதில் சேரும் என்பதைப் பக்கச்சார்பின்றிப் பதிவு செய்கிறேன். இன்னொரு வேடிக்கை: அஸ்கிரிய மைதானம் திரித்துவக் கல்லூரிக்குச் சொந்தம். முரளி படித்ததோ அதன் பரம எதிரியான கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில். எதிராளி வீட்டு முற்றத்தில் அவர் எடுத்த டெஸ்ட் விக்கெட்டுகள் 117. மாமியார் வீட்டில் மருமகனுக்கு நடக்கும் விருந்துகூட இப்படி இருக்காது.

மற்ற ஆண்டுகளின் சுவடிகளையும் புரட்டினேன். அஸ்கிரியவின் முதல் டெஸ்ட் 1983 ஏப்ரல் 22இல் தொடங்கியது. அவுஸ்திரேலியா இன்னிங்ஸ் வெற்றி பெற்றது. இதற்கு டிக்கோயாவில் சாட்சிகள் அநேகமாக இல்லை. தோற்ற மேட்சுக்கு யார் சாட்சி சொல்வார்கள் என்று முதலில் எழுதினேன், பிறகு அடித்துவிட்டேன். அந்த ஆண்டில் ஏப்ரலுக்கு மூன்று மாதம் கழித்து ஜூலை வந்தது; 83 என்றதும் பெரியவர்களின் பேச்சு கிரிக்கெட் பக்கம் திரும்புவதில்லை.

1999 செப்டம்பரில் ஸ்டீவ் வோவும் ஜேசன் கிலெஸ்பியும் ஒரே பந்தைப் பிடிக்க ஓடி மோதிக்கொண்டார்கள். ஒருவருக்கு மூக்கு உடைந்தது, மற்றவருக்குக் கால். டெஸ்டில் இலங்கை முதன்முதலாக அவுஸ்திரேலியாவை வென்றது அந்த மேட்சில்தான். சாட்சிகளுக்கு வெற்றி நினைவில்லை, மோதிய சத்தம் நினைவிருக்கிறது. சத்தத்தை எனக்காக நடித்துக் காட்டியவர்கள் பலர். ஒருவர் இதற்காகத் தகரக் கதவு ஒன்றையும் பயன்படுத்தினார். 2001இல் கங்குலி 98 ஓட்டங்களோடு ஆட்டமிழக்காமல் நின்று இந்தியாவை வெல்ல வைத்த டெஸ்டுக்குச் சாட்சிகள் உண்டு, ஆனால் அவர்கள் யார் பக்கம் கை தட்டினார்கள் என்று கேட்டால் பேச்சு தேத்தண்ணிப் பக்கம் போய்விடுகிறது. அந்தக் கேள்வியை ஆய்வாளன் வற்புறுத்தக்கூடாது. குடியுரிமைக் கடதாசிக்காக அலுவலகம் அலுவலகமாக அலைந்து, இதைவிடக் கடினமான வடிவத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக் களைத்தவர்கள் அவர்கள்.

செழிப்பான சுவடிகள் இரண்டு. ஒன்று 1996 மார்ச் 6, உலகக் கிண்ணம், கென்யாவுக்கு எதிரான போட்டி. அரவிந்த டி சில்வா 145 அடித்தார். இலங்கை 5 விக்கெட்டுக்கு 398. ஒருநாள் போட்டிகளில் அன்றைய உலக சாதனை அது. டிக்கோயாப் பிரதிகள் அனைத்திலும் இந்த எண் 400 என்றே காணப்படுகிறது. மற்றது 2002 ஜனவரி, சிம்பாப்வேக்கு எதிரான டெஸ்ட். முதல் நாளிலேயே முரளி ஒன்பது விக்கெட் எடுத்துவிட்டார். பத்தையும் எடுப்பார் என்று எல்லாரும் காத்திருக்க, மறுநாள் காலை ரசல் ஆர்னல்டின் கையிலிருந்து ஒரு பிடி நழுவியது. கடைசி விக்கெட் சமிந்த வாஸுக்குப் போனது. 51 ஓட்டங்களுக்கு 9. டிக்கோயாப் பிரதிகளில் இதுவும் 'முரளி பத்து எடுத்த மேட்ச்'.

398 ஏன் 400 ஆகிறது, 9 ஏன் 10 ஆகிறது என்று பல நாள் மண்டையைக் குழப்பிக்கொண்டேன். ஞாபகப் பிசகு என்று சொல்வது எளிது, ஆனால் பிசகு என்றால் சில சமயம் குறையவும் வேண்டுமே? ஒருமுறைகூடக் குறையவில்லை. விடை கொழுந்து நிறுக்கும் இடத்தில் கிடைத்தது. தராசில் கூடை ஏறுகிறது. முள் காட்டும் எண் ஒன்று, கணக்கில் எழுதப்படும் எண் வேறு. இலையில் ஈரம் என்று ஒரு கிலோ, கூடைக்கு என்று ஒரு கிலோ. பறித்தவள் பார்த்துக்கொண்டே நிற்க இரண்டு கிலோ காற்றில் கரைந்துவிடும். தலைமுறை தலைமுறையாக இப்படி இரண்டிரண்டாய்க் கழிபட்டவர்கள், தங்கள் கையில் கணக்கு வந்ததும் ஒன்றோ இரண்டோ கூட்டி எழுதுகிறார்கள். அரவிந்தவுக்கும் ஈரம் கழிக்காமல் நிறுத்துக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இதற்கு 'ஈரக்கழிவு மீட்பு விதி' என்று பெயரிட்டிருக்கிறேன். பல்கலைக்கழகங்கள் தயங்காமல் பயன்படுத்திக்கொள்ளலாம்.

709 பிறந்த அந்த டெஸ்ட்தான் அஸ்கிரியவின் கடைசி டெஸ்ட். சனத் ஜயசூரிய ஜேம்ஸ் அண்டர்சனின் ஒரே ஓவரில் ஆறு பவுண்டரிகள் அடித்துவிட்டு டெஸ்டிலிருந்து விடைபெற்றதும் அங்கேதான். 2010 டிசம்பரில் டெஸ்ட் கிரிக்கெட் பல்லேகலைக்கு இடம் பெயர்ந்தது. அதற்கு ஐந்து மாதம் முன்பே காலியில் 800ஐத் தொட்டு முரளி டெஸ்டை விட்டிருந்தார். பல்லேகலையில் அவர் ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. பெரிய மைதானம், விசாலமான இடம், நிறையப் பேர் உட்காரலாம். ஆனால் "பல்லேகலையில் நானும் இருந்தேன்" என்று டிக்கோயாவில் இதுவரை ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை. உண்மையிலேயே போய் வந்தவர்கள்கூடச் சொல்வதில்லை.

இனி இந்த ஆய்வின் மிகப் பெரிய இடர்ப்பாடு. எல்லாரும் இருந்தார்கள் என்றால், உண்மையாக இருந்தவரைக் கண்டுபிடிப்பது எப்படி? பல வழிகளைக் கையாண்டு தோற்ற பின் ஓர் உரைகல் அகப்பட்டது. 1993 ஜூலையில் அசாருதீன் தலைமையில் இந்திய அணி அஸ்கிரியவுக்கு வந்தது. மழை. டெஸ்ட் முழுவதிலும் வீசப்பட்டவை 12 ஓவர்கள். இலங்கை 3 விக்கெட்டுக்கு 24. அத்தோடு கதை முடிந்தது. யாரும் ஆசைப்பட்டுச் சொந்தம் கொண்டாடாத மேட்ச் அது. அதில் பெருமை இல்லை, சாதனை இல்லை, கூட்டி எழுத எண்கூட இல்லை. ஆகவே 1993இல் இருந்தேன் என்று யாராவது சொன்னால் அவர் சொல்வது மெய்.

அப்படி ஒருவர் கிடைத்தார். ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை பார்த்து ஓய்ந்தவர். ஒரு நாள் பேரை விட்டுவிட்டு, மச்சானோடு விடியற்காலை பஸ் ஏறியிருக்கிறார், டெண்டுல்கரைப் பார்க்க. சொப்பிங் பேக்கில் ரொட்டியும் கட்டச்சம்பலும். அவர் போன நாளில் ஒரு பந்துகூட வீசப்படவில்லை.

"அப்ப என்னதான் பாத்தீங்க?"

"படங்கு பாத்தேன்." கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் கட்டுவதற்குரிய அதே சொல்லைத்தான் அவர் மைதானத்தை மூடிய விரிப்புக்கும் சொன்னார். "ஒரு மலைக்கே கட்டுற அளவு படங்கு. மழையில அத இழுக்குறானுங்க, தண்ணி தேங்குது, மறுபடி இழுக்குறானுங்க. ஆள் பத்தாது தம்பி. நம்ம தோட்டத்துல இருந்து நாலு பேர் எறங்கியிருந்தா சட்டுனு முடிச்சிருக்கலாம். எனக்குக் கை பரபரன்னு வந்துச்சு. மச்சான்தான், காசு குடுத்து வந்திருக்கோம் பேசாம உட்காருன்னான்."

"டெண்டுல்கர்?"

"தூரத்துல ஒருத்தர் ஜன்னல் ஓரமா நின்னு மழையப் பாத்தாரு. மச்சான் டெண்டுல்கர்னான். நான் அசாருதீன்னேன். இன்னும் முடிவாகல."

2007 டிசம்பர் 3இல் எங்கே இருந்தீர்கள் என்றும் கேட்டேன். "ஸ்டோர்ல. திங்கக்கெழமதானே?" என்றார். நான் சந்தித்தவர்களில் அன்று டிக்கோயாவில் இருந்ததாக ஒப்புக்கொண்ட ஒரே மனிதர் அவர்.

இந்த வெற்றியின் மகிழ்ச்சியில் ஆய்வாளன் செய்யக்கூடாத தவறு ஒன்றைச் செய்தேன். சலூனில் உட்கார்ந்து, என் உரைகல்லைப் பற்றி, 1993இல் மழையில் நனைந்தவர்தான் உண்மையான ரசிகர் என்று எல்லார் காதிலும் விழும்படி விரிவாகப் பேசிவிட்டேன். அடுத்த சனிக்கிழமை முடி வெட்டப் போனபோது, 93 ஜூலையில் அஸ்கிரியவில் இருந்தவர்கள் மூன்று பேர் எனக்காகக் காத்திருந்தார்கள். அதில் ஒருவர் படங்கை இழுக்கக் கைகொடுத்ததாகவும், பக்கத்தில் பர்சி கொடியைப் போர்த்திக்கொண்டு நின்றதாகவும், நனைந்ததில் மூன்று நாள் காய்ச்சல் கண்டதாகவும் தேதி வாரியாகச் சொன்னார். அவர் பிறந்தது 1995இல்.